அந்தோணியார் அரிசி

ராயபுரத்தில் நாங்கள் இருப்பது அப்பா கட்டிய இரண்டு தள வீடு. கீழே அக்காவும் அக்கா கணவரும், மேலே நானும் என் மனைவியும். அக்கா கணவரை நான் மாமா என்று கூப்பிடுவேன். அவர் திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். சிறுவயதிலேயே சொந்தக்காரர் ஒருவரின் மளிகைக் கடைக்கு வேலைக்கு வந்து, பிற்பாடு சொந்தமாக அரிசிக் கடை வைத்தவர். எங்கள் தெருவுக்கு அவர் அண்ணாச்சி. நாங்கள் ராயபுரத்திலேயே பிறந்து வளர்ந்த கத்தோலிக்கர்கள். அப்பா துறைமுகத்தில் வேலை பார்த்தார். நான் கப்பல் சரக்குகளுக்குச் சுங்க ஆவணங்கள் தயாரிக்கும் ஓர் அலுவலகத்தில் இருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை பூசையில் வாசகம் வாசிப்பேன்.

மாமாவும் கத்தோலிக்கர்தான். ஆனால் அவர் ஊரில் சாமி கும்பிடுவதும் எங்கள் ஊரில் கும்பிடுவதும் ஒன்றல்ல என்பது அக்கா கல்யாணத்துக்குப் பிறகு கொஞ்சம் கொஞ்சமாகத் தெரிந்தது. நாங்கள் ஏதாவது வேண்டிக்கொண்டால் மெழுகுவர்த்தி ஏற்றுவோம், எங்கள் வேண்டுதலைச் சொல்லிப் பூசை வைக்கப் பணம் கட்டுவோம். கேட்டது கிடைக்காவிட்டால் கொஞ்ச நாள் மனத்தாங்கலோடு இருந்துவிட்டு மறந்துபோவோம். மாமா ஊரில் அசனம் வைப்பார்கள். அந்தோணியாரிடம் ஒன்றைக் கேட்டு, அது கிடைத்தால் தெருவுக்கே சோறு போடுவதுதான் அசனம். உயிர் சம்பந்தப்பட்ட வேண்டுதலாக இருந்தால் அதற்கான அரிசியைக் காசு கொடுத்து வாங்கக் கூடாது. வேண்டிக்கொண்டவரே மறுநாளே வீடு வீடாகத் துண்டை ஏந்திப் போய்ப் பிச்சையாகப் பெற வேண்டும். அப்படிப் பெற்ற அரிசியை விற்கக் கூடாது, வீட்டுச் சமையலுக்கு எடுக்கக் கூடாது, கொட்டக் கூடாது. கொடுத்தவர்கள் எல்லாரும் அதில் ஒரு வாய் சாப்பிட வேண்டும். பரிமாறுவதற்கு முன்னால், வேண்டிக்கொண்டவர் அண்டாவுக்குப் பக்கத்தில் நின்று, தனக்கு என்ன வரம் கிடைத்தது என்பதை எல்லார் காதிலும் விழும்படி சொல்ல வேண்டும். அதைச் சொல்லாமல் போட்டால் அது வெறும் சாப்பாடு, அசனம் இல்லை என்பார் மாமா.

அக்காவுக்கு இரண்டு பிள்ளைகள். மூத்தவளைத் திருவொற்றியூரில் கட்டிக்கொடுத்திருக்கிறது. இளையவன் படிப்பு முடித்து எண்ணூர்ப் பக்கம் ஒரு கன்டெய்னர் யார்டில் வேலைக்குச் சேர்ந்திருந்தான். எதிர் வீட்டுப் பையனுக்கும் அதே யார்டில்தான் வேலை. இருவரும் ஒரே பைக்கில் போய் வருவார்கள். ஒரு நாள் சாயங்காலம் வேலை முடிந்து திரும்பும்போது, துறைமுகத்துக்குள் போவதற்காகச் சாலையோரம் வரிசையில் நின்றிருந்த ஒரு டிரெய்லரின் பின்பக்கத்தில் பைக் மோதியது. டிரெய்லரின் பின்விளக்கு எரியவில்லை என்று பிறகு சொன்னார்கள். ஓட்டிவந்தவன் அக்கா மகன். தலையில் அடி. பின்னால் உட்கார்ந்திருந்த எதிர் வீட்டுப் பையனுக்குத் தொடை எலும்பு முறிந்தது.

எதிர் வீட்டம்மா காசிமேட்டில் மீன் எடுத்து வந்து தெருத் தெருவாக விற்பவர். அக்காவைவிட வயதில் இளையவர். இரண்டு வீட்டுக்கும் நடுவில் சாமிதான் வேறே தவிர, குழம்பும் சண்டையும் ஒன்றுதான். அன்றைக்கு ஆஸ்பத்திரி வராந்தாவில் அவர் தன் அம்மனுக்கு வேண்டிக்கொண்டார். மகன் பிழைத்து வந்தால் ஆடி மாதம் தெருவுக்கே கூழ் ஊற்றுவதாக. மாமா வீட்டுக்குத் திரும்பி வந்து, எங்கள் வீட்டை ஒட்டித் தெருமுனையில் அந்தோணியார் சிலை வைத்த சின்னக் கெபியின் முன்னால் நின்று வேண்டிக்கொண்டார். மகன் எழுந்து நடந்து வீட்டுக்கு வந்தால் அசனம்.

மறுநாள் காலையில் மாமா சட்டையைக் கழற்றி வைத்துவிட்டு, துண்டை இரண்டு கையிலும் விரித்துப் பிடித்துக்கொண்டு தெருவில் இறங்கினார். ஆயுசு முழுக்க அரிசி நிறுத்துப் போட்ட மனிதர் அரிசிக்குக் கையேந்தி நிற்பதைத் தெரு முதலில் புரிந்துகொள்ளவில்லை. மீன்வலை பின்னும் ஒருவர், கடையில் சரக்கு தீர்ந்துவிட்டதா அண்ணாச்சி என்று சிரித்துக்கொண்டே கேட்டார். விஷயத்தைச் சொன்னதும் வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே ஓடி, ஒரு படி அரிசியோடு வந்தார். எல்லா வீடுகளிலும் போட்டார்கள். ரேஷன் புழுங்கல், பொன்னி, பச்சரிசி, தெருக்கோடி பாய் வீட்டிலிருந்து பிரியாணி அரிசி. எதிர் வீட்டம்மாவும் ஆஸ்பத்திரிக்குக் கிளம்புவதற்கு முன் இரண்டு கை அள்ளிப் போட்டார். எல்லாம் ஒரே துண்டில் விழுந்தது. தண்ணீர் பிடிக்க வாங்கி உபயோகிக்காமல் கிடந்த நீல டிரம்மில் அதைக் கொட்டி, முன்னறையில் கதவுக்குப் பின்னால் வைத்தார்.

அக்காவுக்கு இந்தப் பிச்சையெடுப்பு பிடிக்கவில்லை. ஆனால் தடுக்கவும் இல்லை. அந்த நாட்களில் எதையும் தடுக்கும் நிலையில் அவள் இல்லை.

எதிர் வீட்டுப் பையன் காலில் கம்பி வைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தான். அக்கா மகன் அதற்குப் பிறகும் சில வாரங்கள் கண் திறக்காமல் கிடந்துவிட்டு இறந்துபோனான்.

பெட்டியை முன்னறையில் வைத்திருந்தோம். உபதேசியார் ஜெபம் சொல்லிக்கொண்டிருந்தார். எதிர் வீட்டம்மா வந்தார். அவர்கள் வீட்டு வழக்கத்தில், உறவாக இருப்பவர்கள் இறந்தவர் வாயில் கடைசியாக அரிசி போட வேண்டும். வாய்க்கரிசி. எங்களுக்கு அந்த வழக்கம் கிடையாது. அந்த அம்மாவுக்கு அப்போது அதெல்லாம் ஞாபகத்தில் இருந்திருக்காது. தூக்கி வளர்த்த பிள்ளை, அரிசி போடாமல் எப்படி அனுப்புவது என்றுதான் தோன்றியிருக்கும். கதவுக்குப் பின்னால் டிரம் தெரிந்தது. மூடியைத் திறந்து ஒரு பிடி அள்ளிக்கொண்டு பெட்டிக்குப் பக்கத்தில் வந்தார்.

மாமா அவர் மணிக்கட்டைப் பிடித்துவிட்டார்.

"அது அந்தோணியாருக்கு உள்ளது," என்றார். குரல் உயரவில்லை. அந்த அம்மா கையை விரிக்க, மாமா அரிசியைத் தன் உள்ளங்கையில் வாங்கி, டிரம்மில் போட்டு மூடினார். ஓர் அரிசிமணி தரையில் விழுந்திருந்தது. குனிந்து அதையும் எடுத்துப் போட்டார். அக்கா பெட்டியின் தலைமாட்டில் உட்கார்ந்து இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அடக்கம் முடிந்ததிலிருந்து அவள் மாமாவோடு பேசுவதை நிறுத்தினாள். சமைத்து வைப்பாள், துணி துவைப்பாள், பேச மாட்டாள். ஏதாவது சொல்ல வேண்டியிருந்தால் என்னையோ என் மனைவியையோ பார்த்துச் சொல்வாள். என்னிடம் ஒரு முறை காரணத்தைச் சொன்னாள். "நம்ம வயக்கம் இல்லதான். என்ன கேட்டிருந்தா நானே வாணாம்னுதான் சொல்லியிருப்பேன். ஆனா எம்புள்ள வாய்க்கு வந்த அரிசிய சாமிக்குனு புடுங்கி வச்சாரு பாரு. அத்த எப்டிடா நான் மறக்கறது?"

துக்கம் கேட்க வந்தவர்கள் ஆளுக்கொரு விளக்கத்தோடு வந்தார்கள். நான் பெரும்பாலும் பக்கத்தில் இருந்ததால் எல்லாவற்றையும் கேட்டேன். நாற்பதாம் நாள் பூசை வரைக்கும் அந்த விளக்கங்கள் ஓயவில்லை. ஆண்டவர் சோதிக்கிறார் என்றார் ஒருவர். நாம் பார்ப்பது துணியின் பின்பக்கம், முன்பக்கத்தில் என்ன பூ தைத்திருக்கிறது என்று அவருக்குத்தான் தெரியும் என்றார் இன்னொருவர். எங்கள் தூரத்து உறவில் ஒரு பெண்மணி அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு, ஆண்டவர் நல்லவர்களைத்தான் சீக்கிரம் அழைத்துக்கொள்வார் என்று அழுதார். அக்கா அவரை ஏற இறங்கப் பார்த்தாள்.

"அப்ப நீ இன்னா அவ்ளோ கெட்டவளா? உன்ன இத்தினி வருசமா உட்டு வச்சிகீறாரே."

அந்தப் பெண்மணி காப்பி குடிக்காமல் போய்விட்டார். அன்றைக்கு ராத்திரி என் மனைவி அதை நினைத்துச் சிரித்தாள், பிறகு அழுதாள்.

எனக்கு அந்த விளக்கங்கள் ஒவ்வொன்றையும் எடுத்து அந்தச் சாலையில் வைத்துப் பார்க்கும் பழக்கம் வந்தது. அலுவலகத்தில் ஆவணத்தையும் சரக்கையும் ஒப்பிட்டுப் பார்ப்பதே என் வேலை என்பதால் இருக்கலாம். சோதனை என்றால் யாருக்குச் சோதனை? அக்காவைச் சோதிக்க அவள் மகனைக் கொல்வது, பள்ளிக்கூடத்தில் ஒரு பிள்ளைக்குப் பரீட்சை வைக்க இன்னொரு பிள்ளையை அடிப்பது மாதிரி இருந்தது. பாவத்தின் தண்டனை என்றால், ஒரே பைக்கில் வந்த இருவரில் ஒருவனுக்கு மட்டும் ஏன்? விளக்கு எரியாத டிரெய்லரை நிறுத்தியது மனிதர்கள், அதற்கு ஆண்டவர் என்ன செய்வார் என்று சொன்னவர்களும் உண்டு. அதில் நியாயம் இருந்தது. சாலைவரை அந்த நியாயம் சரி. ஆனால் ஆஸ்பத்திரியில் அத்தனை வாரங்கள் கிடந்தானே, அங்கே எந்த டிரெய்லரும் குறுக்கே நிற்கவில்லையே என்று நினைத்தேன்.

எங்கள் ஜெபங்கள் 'எல்லாம் வல்லவரும் என்றும் உள்ளவருமான இறைவா' என்று ஆரம்பிக்கும். கொஞ்சம் தள்ளி 'அன்புள்ள தந்தையே' என்று வரும். வல்லவர், அன்புள்ளவர். இரண்டையும் ஒரே மூச்சில் சொல்லித்தான் வளர்ந்தேன். அந்த நாட்களில் வீட்டில் ஜெபமாலை சொல்லும்போது முதலில் ஒன்றைச் சொன்னால் அடுத்தது வரவில்லை. வல்லவர் என்றால் அன்புள்ளவரா என்று கேள்வி வந்தது. அன்புள்ளவர் என்றால், பாவம், அவரால் முடியவில்லை போலிருக்கிறது என்று தோன்றியது. யாரிடமும் இதைச் சொல்லவில்லை. ஞாயிற்றுக்கிழமை போய் வாசகம் வாசித்தேன். வாசிப்பதற்கு நம்பிக்கை அவசியம் இல்லை, உச்சரிப்பு சரியாக இருந்தால் போதும் என்பதை அப்போதுதான் கவனித்தேன்.

டிரம் கதவுக்குப் பின்னாலேயே இருந்தது. மாமா அதை என்ன செய்வது என்று பங்குச் சாமியாரிடம் கேட்கப் போனார். நானும் கூடப் போனேன். இளைஞர், பொறுமையானவர். நிபந்தனையோடு வைத்த வேண்டுதல், நிபந்தனை நிறைவேறவில்லை, ஆகவே உங்களுக்குக் கடமை ஏதும் இல்லை, அரிசியை ஒரு அநாதை இல்லத்துக்குக் கொடுத்துவிடுங்கள் என்றார். மாமா ஒத்துக்கொள்ளவில்லை. கொடுத்தவர்கள் சாப்பிடுவதற்காகக் கொடுத்த அரிசி, அதை வேறு இடத்துக்கு அனுப்பத் தனக்கு உரிமை இல்லை என்றார். எழுந்திருக்கும்போது, ஆண்டவர் ஏன் இப்படிச் செய்தார் சாமி என்று கேட்டார். சாமியார், தெரியவில்லை என்றார். அத்தனை நாளும் நான் கேட்ட பதில்களிலெல்லாம் அது ஒன்றுதான் எனக்கு உறுத்தவில்லை.

அரிசியைப் பொங்கிப் போடப் போகிறேன் என்று மாமா என்னிடம் சொன்னார். அது அக்கா காதுக்குப் போனது. அவள் என் மனைவியிடம் சொல்லி அனுப்பிய பதில் இது: சாமி பேரைச் சொல்லி அந்த அரிசியைப் பொங்கினால், அன்றைக்கே திருவொற்றியூருக்கு மகள் வீட்டுக்குப் போய்விடுவாள். பிறகு இந்த வீட்டுப் படி ஏற மாட்டாள். அக்கா வெறுமனே மிரட்டுகிறவள் இல்லை. ஒரு பையில் புடவைகளை எடுத்து வைத்திருப்பதை என் மனைவி பார்த்திருந்தாள். மாமா பொங்குவதைத் தள்ளிப் போட்டார்.

ஆடி நெருங்கியது. ஒரு மத்தியானம் எதிர் வீட்டம்மா மீன் கூடையோடு நேராக அக்காவிடம் வந்தார். நான் அன்றைக்கு விடுப்பில் இருந்தேன். கூடையை வாசலில் வைத்துவிட்டு, உள்ளே வராமல் நிலைப்படியிலேயே நின்றார்.

"எக்கா, ஒண்ணு கேக்கணும். கூழு ஊத்தறதா வேண்டிக்கினேன். ஊத்தவா, வாணாவா?"

"என்ன ஏன் கேக்கற? உன் அம்மன கேளு."

"அவ கேட்டத குடுத்துட்டா. இனிமே ஊத்தலன்னா அவளுக்குக் கோவம் வரும், எம்புள்ளைக்குத்தான் ஆவாது. ஊத்தினா உன் வூட்டு வாசல்ல நின்னு, எம்புள்ள பொயச்சிக்கினான் பாரு, உன் புள்ள போயிட்டான் பாருன்னு தண்டோரா போட்ட மாறி இருக்கும். எங்க அம்மனுக்குக் கண்ணு கீது, உங்க சாமிக்கு இல்லன்னு நான் நெனைப்பேனாக்கா? ரெண்டு பேரும் ஒரே வண்டிலதான வந்தானுங்க. எனக்கு நன்றி சொல்லவே பயமா கீது."

அக்கா கூடையிலிருந்த மீனைப் புரட்டிப் பார்த்தாள். பிறகு, கூழ் ஊற்று, உன் பிள்ளை பிழைத்ததில் எனக்கென்ன வருத்தம், அவனாவது மிச்சம் இருக்கிறானே என்றாள். வஞ்சிரம் என்ன விலை என்று கேட்டாள். வாங்கவும் செய்தாள். எதிர் வீட்டம்மா போன பிறகு, மீனைக் கழுவாமல் சட்டியில் வைத்துக்கொண்டு கதவுக்குப் பின்னால் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். நான் மேலே போய்விட்டேன்.

அதற்குள் அரிசியில் வண்டு விழுந்துவிட்டது. மாமா வேப்பிலை போட்டுப் பார்த்தார், காய்ந்த மிளகாய் போட்டுப் பார்த்தார். கடையில் ஆயிரம் மூட்டை பார்த்தவருக்கு இந்த ஒரு டிரம் அடங்கவில்லை. பல வீட்டு அரிசி, எந்த வீட்டில் எத்தனை நாள் கிடந்ததோ. ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்ததும் டிரம்மை மாடிக்கு ஏற்றி, பாயில் வெள்ளை வேட்டியை விரித்து அரிசியைப் பரப்பினார். நானும் உட்கார்ந்தேன். வெயில் படப்பட வண்டுகள் விளிம்பை நோக்கி ஓடின. நாங்கள் கையால் தள்ளிக்கொண்டிருந்தோம்.

அக்கா துவைத்த துணிகளைக் காயப்போட மேலே வந்தாள். எங்களைப் பார்க்காமல் கொடியில் ஒரு புடவையை உதறிப் போட்டாள்.

"டேய், உன் மாமாவ கேளு. அவரு அந்தோணியாரு அரிசில வண்டு கீதே, அது மட்டும் துன்னலாமா? எம்புள்ள வாய்க்குத்தான் ஆவாதா?"

நான் மாமாவைப் பார்த்தேன். அவர் அரிசியையே பார்த்துக்கொண்டிருந்தார். பதிலை என்னிடம்தான் சொன்னார்.

"மாப்ள, எதுத்த வீட்டம்மா அள்ளுனது தப்புன்னு நான் கையப் பிடிக்கல. அரிசில கை வச்சா வேண்டுதல் முடிஞ்சி போச்சின்னு ஆயிரும்லா? அது முழுசாக் கெடக்கிற வரைக்கும் கேட்டது கேட்டபடி கெடக்கு. பெட்டிய மூடுததுக்கு இன்னும் நேரம் இருந்துச்சு. செத்தவனயே எழுப்புன சாமின்னு சின்னப் பிள்ளைல கேட்டது. எந்திச்சிருவாம்னு நெனச்சேன்."

அக்கா கையில் ஈரத்துணியோடு திரும்பினாள். அடக்கத்துக்குப் பிறகு முதல் முறையாக நேராக அவரிடம் பேசினாள்.

"எப்ப வரிக்கும் நெனச்ச?"

"மண்ணு போடுத வரைக்கும்."

தண்டையார்பேட்டைப் பக்கமிருந்து சரக்கு ரயில் போகும் சத்தம் கேட்டது. மாமாவை எனக்கு முப்பது வருடமாகத் தெரியும். கையில் தூக்கிப் பார்த்தே எடை சொல்கிறவர், அந்தக் கணக்கு பெரும்பாலும் தப்பாது. டாக்டர் சொன்னதைப் புரிந்துகொண்டு, ஆம்புலன்சுக்குச் சொல்லி, குழி வெட்டுகிறவருக்குச் சொல்லி எல்லாவற்றையும் அவர்தான் ஏற்பாடு செய்தார். அத்தனையும் செய்துகொண்டே இதையும் நம்பிக்கொண்டிருந்திருக்கிறார். சாமிக்கு விசுவாசமாக இருப்பதற்காக மகனை விட்டுவிட்டார் என்று நாங்கள் எல்லாரும் நினைத்தோம். அவர் மகனைத்தான் பிடித்துக்கொண்டிருந்தார்.

அக்கா துணி வாளியைத் தள்ளி வைத்துவிட்டு வந்து, பாயின் மறுபக்கத்தில் உட்கார்ந்து வண்டு பொறுக்க ஆரம்பித்தாள். கொஞ்ச நேரம் கழித்து, அரிசியைவிட்டுக் கண்ணை எடுக்காமல் சொன்னாள்:

"பொங்கிடு. நான் தடுக்கல. ஆனா நன்றின்னு ஒரு வார்த்த உன் வாய்ல வரக் கூடாது. ஆண்டவரு சித்தம்னு சொன்னியோ, அப்டியே பைய எடுத்துக்கினு போய்க்கினே இருப்பேன்."

"நன்றி சொல்ல என்ன இருக்கு?"

"அப்ப அண்டா பக்கத்துல நின்னு இன்னா சொல்லுவ?"

"தெரியலட்டி," என்றார் மாமா.

அடுத்த செவ்வாய்க்கிழமை என்று முடிவானது. செவ்வாய் அந்தோணியாருக்கு உரிய நாள். அந்த அரிசியைச் சோறாக வடிக்க முடியாது என்று மாமா சொன்னார். பச்சரிசி கரைந்துபோகும், ரேஷன் அரிசி விறைப்பாக நிற்கும், பாய் வீட்டு அரிசி இரண்டுக்கும் நடுவில் உடையும். அத்தனை அரிசியும் ஒன்றாக ஆக வேண்டுமானால் கஞ்சிதான். சிறுபருப்பு, பூண்டு, வெந்தயம், தேங்காய்ப்பால் போட்டு இரண்டு அண்டாவில் காய்ச்சுவது என்று ஏற்பாடு. தொட்டுக்கொள்ள எதிர் வீட்டம்மா நெத்திலிக் கருவாட்டுத் தொக்கு செய்துவருவதாகச் சொன்னார். கருவாடு சாமி காரியத்துக்கு ஆகுமா என்று அவருக்குச் சந்தேகம். எங்கள் சாமி மீன்காரர்களோடு சுற்றியவர்தான் என்று என் மனைவி சமாதானம் சொன்னாள்.

செவ்வாய் மாலை கெபிக்கு முன்னால் அடுப்பு மூட்டினோம். சாமியாருக்குச் சொல்லியிருந்தோம். அவர் வெள்ளை அங்கி இல்லாமல், சாதாரணச் சட்டையில் வந்து, ஜெபம் சொல்லவா என்று கேட்காமல் கூட்டத்தில் ஒருவராக நின்றார். அரிசி கொடுத்த வீடுகளிலிருந்து எல்லாரும் வந்திருந்தார்கள் என்றே நினைக்கிறேன். தூக்குவாளி, கிண்ணம், சிலர் வீட்டிலிருந்து டம்ளர். எதிர் வீட்டுப் பையன் ஊன்றுகோலோடு வந்து, ஒருவரும் தன்னைப் பார்த்துவிடக் கூடாது என்பது போலச் சுவர் ஓரமாக நின்றான். அக்கா எங்கள் வாசற்படியில் நின்றாள். பை உள்ளே கதவுக்குப் பக்கத்தில் இருந்தது. அதை நான் போகும்போதும் வரும்போதும் பார்த்தேன்.

கஞ்சி தயாரானது. அகப்பையை நான் வைத்திருந்தேன். மாமா கையைத் துடைத்துக்கொண்டு அண்டாவுக்குப் பக்கத்தில் வந்து நின்றார். தெருவே அவர் பக்கம் திரும்பியது. வழக்கம் தெரியாதவர்களுக்குக்கூட, அவர் ஏதோ சொல்லப் போகிறார் என்பது தெரிந்தது.

அவர் வாயைத் திறந்தார். "அந்தோணியார்கிட்ட..." என்றார். அதற்குமேல் வரவில்லை. மறுபடி ஒரு முறை "அந்தோணியார்கிட்ட" என்றார். கூட்டத்தில் ஒரு குழந்தை பசிக்கிறது என்றது, யாரோ அதன் வாயைப் பொத்தினார்கள். ஆண்டவர் சித்தம் என்று சொல்லிவிடுவது அப்போது எவ்வளவு சுலபம் என்று எனக்குத் தெரிந்தது. துக்கத்தில் இருப்பவர் எவரும் கைநீட்டினால் எட்டும் உயரத்தில் இருக்கிறது அந்த வாக்கியம். எல்லாரும் அதைத்தான் எதிர்பார்த்தார்கள். அவர் சொல்லியிருந்தால் ஆமென் என்று சொல்லிவிட்டுச் சாப்பிட்டிருப்பார்கள். அவர் சொல்லவில்லை. சொல்லாமல் இருப்பதற்காக அண்டாவின் விளிம்பைப் பிடித்துக்கொண்டார். சூடாக இருந்திருக்கும்.

அக்கா படியிறங்கி வந்தாள். அவர் கையை விளிம்பிலிருந்து எடுத்துவிட்டு, கூட்டத்தைப் பார்த்தாள்.

"எம்புள்ளைக்கு உசுரு கேட்டோம். குடுக்கல. நீங்க அரிசி குடுத்தீங்க. சாப்புடுங்க."

ஆமென் என்று யாரும் சொல்லவில்லை. சாமியார் தலையைக் குனிந்துகொண்டார். தெருக்கோடி பாய்தான் முதலில் அசைந்தார். தன் தூக்குவாளியின் மூடியைத் திறந்தார். அதன் பிறகு வரிசை தானாக உண்டானது. அக்கா என் கையிலிருந்து அகப்பையை வாங்கினாள். முதலில் சுவர் ஓரத்தில் நின்றவனைக் கூப்பிட்டாள்.

"டேய், இங்க வா. அங்க நின்னுகினு இன்னா பண்ற? நொண்டிக்கினு வரிசைல நிப்பியா நீ?"

அவன் கிண்ணத்தை நீட்டினான். அழுதான். அவள் தளும்பத் தளும்ப ஊற்றினாள். அவன் அம்மா பின்னால் நின்று தொக்கு வைத்தார்.

வேண்டிக்கொண்டவர்கள் கடைசியில் சாப்பிட வேண்டும் என்பது வழக்கம். தெரு கலைந்த பிறகு, அண்டாவின் அடியில் இருந்ததைச் சுரண்டி அக்கா இரண்டு கிண்ணத்தில் ஊற்றினாள். ஒன்றை மாமாவிடம் கொடுத்துவிட்டு, இன்னொன்றோடு வாசற்படியில் அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள். நானும் சாமியாரும் எதிர்ச் சுவரில் சாய்ந்து எங்கள் பங்கைக் குடித்துக்கொண்டிருந்தோம். தொக்கு தீர்ந்துபோயிருந்தது. முதல் வாய் உள்ளே போனதும் அக்கா மாமாவைத் திரும்பிப் பார்த்தாள்.

"யோவ், இதுல உப்பு எங்க?"

"நீ போட்டேல்லா?"

"நான் எங்க போட்டேன்? நீ போட்டேன்னு நெனச்சேன்."

மாமா கிண்ணத்தை வாயில் வைத்துப் பார்த்தார். உப்பு இல்லைதான். தெருவே அதைக் குடித்துவிட்டுப் போயிருந்தது, ஒருவரும் வாய் திறக்கவில்லை. கருவாட்டில் உப்பு இருந்ததால் தெரியாமல் போயிருக்கலாம், தெரிந்தும் சொல்லாமல் இருந்திருக்கலாம். அக்கா எழுந்து உள்ளே போனாள். கதவுக்குப் பக்கத்தில் இருந்த பையைக் காலால் ஓரமாகத் தள்ளிவிட்டு அடுக்களைக்குப் போய், உப்பு ஜாடியோடு திரும்பி வந்தாள். முதலில் அவர் கிண்ணத்தில் போட்டுக் கலக்கிவிட்டாள்.

"ஆறிடிச்சி. குடி," என்றாள்.